கூலன்ட்டுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஈரோட்டிலிருந்து, ஐ.டி.ஐ. பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குத் தமிழில் செய்முறைத் தாள்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இந்த வாரப் பாடம், காரில் கூலன்ட் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காட்டும் முள்ளை, கடையில் வாங்கிப் பொருத்துவது. இப்போது வரும் சிறிய கார்கள் பலவற்றில் அந்த முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். அதனால் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் தனியாக ஒரு முள் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

வேலை எனக்குத் தெரியும், சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன். கூலன்ட், கேஜ், ஆஃப்டர்மார்க்கெட் (கம்பெனியில் வராமல் நாமே பின்னால் வாங்கி மாட்டுவது), அப்புறம் சூட்டை அறிவதற்காக இன்ஜினில் திருகும் அந்தச் சிறு பித்தளை உறுப்பு, அதாவது சென்டர் (sender). 'சென்டர்' என்று தமிழில் எழுதினால் பையன்கள் 'நடுவில்' என்று படிக்கிறார்கள். போன வருடம் ஒருவன் ரேடியேட்டரின் நடுவில் இடம் தேடிக்கொண்டிருந்தான்.

நான் போட்டு வைத்திருப்பவை: குளிர்விப்பான், இன்ஜின் வெப்பமானி, பின்சந்தை, அனுப்பி. படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பிக்கு வாழ்த்து. 'பின்சந்தை' என்றால் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்து என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

'அனுப்பி' எப்படியும் நிற்காது. அது வினையெச்சம். "அனுப்பி இணைக்கவும்" என்று நீங்கள் எழுதினால், எதை அனுப்பி என்று மாணவன் கேட்பான்.

குளிர்விப்பானுக்கு வருகிறேன். இவ்வளவு நீளம் எதற்கு? தமிழில் சூடான திரவத்தின் சூட்டைக் குறைக்க ஒரு வினை ஏற்கெனவே இருக்கிறது. பாலை ஆற்றுகிறோம். ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. மாறு, மாற்று என்பதுபோல ஒற்று இரட்டித்தது. இகர விகுதி சேர்த்தால் ஆற்றி. மூன்றெழுத்து. "ஆறுவது சினம்" என்று முதல் வகுப்பிலேயே படித்த வினைதான். சினத்துக்கு ஆகும் வினை இன்ஜினுக்கு ஆகாதா?

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

> மூன்றெழுத்து. முதல் வகுப்பிலேயே படித்த வினைதான்.

ஐயா, அனுப்பியை வினையெச்சம் என்று தள்ளிவிட்டு ஆற்றியைக் கொண்டுவருகிறீர்களே! அதுவும் வினையெச்சம்தானே? "ரேடியேட்டரில் ஆற்றி ஊற்றவும்" என்று தாளில் எழுதினால் மாணவன் என்ன புரிந்துகொள்வான்? முதலில் எதையோ ஆற்ற வேண்டும், பிறகு ஊற்ற வேண்டும் என்று.

திண்டுக்கல்லிலிருந்து, போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர்

அம்மா, அப்படிப் புரிந்துகொண்டாலும் சரியாகத்தான் செய்வான். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரையோ கூலன்ட்டையோ ஊற்றக் கூடாது. ஆற விட்டுத்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டில் கீறல் விழும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகத்தில் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகையில் ஐயாவின் சொல் நல்ல சொல்.

ஆனால் ஈரோட்டுத் தம்பியின் தாளில் எனக்கு வேறு கவலை. 'இன்ஜின் வெப்பமானி' என்று எழுதியிருக்கிறார். அந்த முள் இன்ஜினின் சூட்டைக் காட்டவில்லை. சென்டரின் நுனி எதில் நனைந்திருக்கிறதோ அதன் சூட்டைக் காட்டுகிறது. ஹோஸ் வெடித்து மொத்தத் தண்ணீரும் போய்விட்டால் நுனி காற்றில் நிற்கும், முள் இறங்கும். சூடு தணிந்துவிட்டது என்று டிரைவர் நிம்மதியாக இன்னும் 5 கிலோமீட்டர் போவார். வந்து சேரும்போது இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கும். பெயரிலேயே 'இன்ஜின்' என்று போட்டால் அந்தத் தவறுக்கு நாமே வழிசெய்த மாதிரி.

டொரொண்டோவிலிருந்து, பொறியாளர்

திண்டுக்கல் ஐயா சொல்வதை நானும் வழிமொழிகிறேன். பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1912இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் ரேடியேட்டர் மூடியின்மேலேயே நிற்கும். ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துத்தான் படிக்க வேண்டும். அது அளந்தது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கு மேலுள்ள ஆவியை. நூறு வருடத்துக்கு முந்தியே எதன் சூடு என்ற கேள்வி இருந்திருக்கிறது.

எனக்கு 'வெப்பமானி'யிலும் ஒப்புதல் இல்லை. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்பில் இதை மாற்றி எழுதினால் மாஸ்டர் புள்ளி தரமாட்டார். வெப்பநிலைமானி என்றுதான் எழுத வேண்டும்.

அப்புறம் குளிர்விப்பான், ஆற்றி எல்லாம் வெப்ப நாட்டுச் சொற்கள். இங்கே தை, மாசியில் சில நாள் −20 பாகைக்குக் கீழே போகும். உறையாமல் இருப்பதற்காகத்தான் இந்தத் திரவத்தை வாங்குகிறோம். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ −37 பாகை வரை தாங்கும். வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து இன்ஜின் கட்டையையே பிளந்துவிடும். இங்கே ஒருவரிடம் 'ஆற்றி' என்றால், ஏற்கெனவே ஆறித்தானே கிடக்கிறது என்பார். 'உறைதடுப்பி' என்பதே என் முன்மொழிவு.

ஈப்போவிலிருந்து, தனித்தமிழ் அன்பர்

அன்புடையீர்,

அளவு கடந்த பிறமொழிச் சொற்களோடு மடல்கள் ஓடுவது வருத்தம் தருகிறது. இன்ஜின், கேஜ், சென்டர். உந்துபொறி என்று எழுதக் கை வலிக்கிறதா?

'மானி'யை எப்படி ஏற்றீர்கள்? மானம் என்பது வடசொல். அளவி என்போம். வெப்ப அளவி. உந்துபொறி நீர்மத்தின் வெப்பநிலையைக் காட்டுவதால் நீர்மவெப்பளவி.

ஆற்றியை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்கு இன்னொரு பொருளாழமும் உண்டு. ஆறு என்றால் வழி. அந்நீர்மம் பொறிக்கட்டையில் தொடங்கி, தலைப்பகுதி வழியாக மேற்குழாயில் ஏறி, குளிர்கலத்தில் இறங்கி, நீரேற்றியால் மீண்டும் கட்டைக்கே வருகிறது. வழிச்செல்வது ஆதலின் ஆற்றி. வெப்பத்தைக் குளிர்கலத்துக்கு ஆற்றுப்படுத்துகிறது என்றும் கொள்ளலாம்.

கும்பகோணத்திலிருந்து

ஆற்றுப்படை! இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவதுபோல, சூடான சிலிண்டர் சுவரிடமிருந்து வாங்கியதைக் காற்றிடம் கொண்டு சேர்க்கிறது. அருமை.

ஆனால் மானியை விடமாட்டேன். 'மா' என்பது தமிழ் அளவைப் பெயர். பின்னத்தில் இருபதில் ஒன்று, நிலத்திலும் ஓர் அளவு. தேய்மானம், வருமானம், பெறுமானம், கட்டுமானம் எல்லாவற்றிலும் அந்த ஈறு தமிழ் வினையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வடமொழியிலும் அளத்தலுக்கு 'மா' என்ற வேர் உண்டுதான். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதை இந்த வாரத்துக்குள் தீர்க்க முடியாது. ஒருவேளை இரண்டும்

(மன்னிக்கவும், மின்சாரம் போய்விட்டது. மேலே விட்டதை நாளை எழுதுகிறேன்.)

சென்னையிலிருந்து

நாளை எழுத வேண்டாம் ஐயா, வெள்ளி வந்துவிடும்!

1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு. தாள் அச்சாக வேண்டும் என்ற கவலையும் உண்டு.

ஆற்றிக்கு எதிராக ஒரே ஒரு காரணம் சொல்கிறேன், இலக்கணமே இல்லாமல். கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், விஷம். நாய், பூனை, சின்னக் குழந்தை எல்லாம் நக்கிவிடும் ஆபத்து உள்ள பொருள். டீக்கடையில் ஆற்றிக் குடிக்கிற நினைவு வரும் சொல்லை அதற்கு வைக்காதீர்கள்.

கேஜ் விஷயத்தில் மானியா காட்டியா என்று ஒரு கேள்வி இருக்கிறது. திசைகாட்டி, வழிகாட்டி இருக்கும்போது வெப்பங்காட்டி ஏன் கூடாது?

திண்டுக்கல்லிலிருந்து

அம்மா கேட்டது நல்ல கேள்வி. எனக்கு இலக்கணம் தெரியாது, வித்தியாசம் தெரியும்.

கம்பெனியிலிருந்து வரும் பல கார்களில் முள் பாதியில் போய் நின்றுவிடும். 80 டிகிரி என்றாலும் பாதி, 100ஐத் தொடும்போதும் ஏறக்குறைய பாதி. முள் சற்று ஆடினாலும் வாடிக்கையாளர் பயந்து சர்வீஸுக்கு ஓடிவருகிறார் என்று அப்படி அமைத்துவிடுகிறார்கள். அது காட்டி. நாம் தனியாக வாங்கி மாட்டுவதில் எண் இருக்கும். ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் 82, 85 தெரியும். மேட்டில் ஏறும்போது 95 தெரியும். இறக்கத்தில் மறுபடி இறங்குவது தெரியும். அது மானி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் ஏறுகிறவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆகவே இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்றாக.

பட்டறையில் எங்கள் சொல் 'முள்' தான். "முள்ளு ஏறுது, ஓரங்கட்டு" என்போம்.

ஈரோட்டிலிருந்து

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பாடத்தின் முதல் பத்தியே கிடைத்துவிட்டது. நன்றி.

சென்டருக்கு 'உணரி' என்று போட்டுக்கொள்கிறேன், யாரும் எதிர்க்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து

எதிர்க்கிறேன். உணரி சென்சார். உங்கள் உறுப்பு உணர்வதோடு நிற்காமல் செய்தியையும் அனுப்புகிறதே. தூது விடு இலக்கியம் இருக்கிற மொழியில் 'தூதி' என்று வைக்கக் கூடாதா?

டொரொண்டோவிலிருந்து

அது எதையும் அனுப்புவதில்லை, ஐயா. அது வெறும் தடை. சூடு ஏறினால் தடை குறையும். மீட்டரிலிருந்து வரும் மின்னோட்டம் அதன் வழியாகத் தரைக்கு இறங்கும். அவ்வளவுதான். ஆங்கிலப் பெயரே தவறு. உணரி போதும்.

கும்பகோணத்திலிருந்து

சரி. தூதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆற்றியைப் பெறமாட்டேன்.

ஈரோட்டிலிருந்து

ஆஃப்டர்மார்க்கெட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'பிற்சேர்க்கை' சரியா?

சென்னையிலிருந்து

அது புத்தகத்தின் கடைசியில் வருவது. மாணவன் கேஜைத் தேடிப் பின்பக்கம் புரட்டுவான்.

கும்பகோணத்திலிருந்து

ஒருவர் ஆக்கிய பொருளில் பின்னால் வந்த வேறொருவர் தன் சரக்கை நுழைப்பதற்கு எங்கள் துறையில் இடைச்செருகல் என்று பெயர். பதிப்பாசிரியர்கள் அதைக் கண்டுபிடித்து அகற்றுவார்கள். உங்கள் துறையில் காசு கொடுத்து மாட்டுகிறார்கள். (விளையாட்டாகச் சொன்னேன். அச்சிட்டுவிடாதீர்கள்.)

திண்டுக்கல்லிலிருந்து

கம்பெனி ஃபிட்டிங், வெளி ஃபிட்டிங் என்பார்கள். வெளிப்பொருத்து என்று எழுதுங்கள், புரியும்.

ஈப்போவிலிருந்து

வெளிப்பொருத்து நன்று. முதன்முறையாகத் திண்டுக்கல் ஐயாவோடு உடன்படுகிறேன். 'மானி' பற்றி என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அதுபோல 'மகிழுந்து' என்று ஒருவர்கூட எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து

நடு மலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வண்டியை மகிழுந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை ஐயா.

ஈரோட்டிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இப்படி முடித்திருக்கிறேன்:

கேஜ்: வெப்பநிலைமானி. 52 மில்லிமீட்டர் முகப்பில் இவ்வளவு நீளமான பெயர் அடங்காது. தாளில் எழுதுவதற்கு அது தடையில்லை. கம்பெனி முள்ளுக்கு வெப்பங்காட்டி.

சென்டர்: உணரி.

ஆஃப்டர்மார்க்கெட்: வெளிப்பொருத்து.

கூலன்ட்: இதற்கு ஒத்த கருத்து வரவில்லை. ஆற்றிக்கு இரண்டு பேர், உறைதடுப்பிக்கு ஒருவர். சென்னை அம்மா எதையும் முன்மொழியாமல் எதிர்ப்பை மட்டும் பதிந்தார். நான் குளிர்விப்பானைச் சுருக்கி 'குளிர்வி' ஆக்கி, திண்டுக்கல் ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஏதோ ஒன்று போடு தம்பி, பையன் கூலன்ட் என்றுதான் கேட்டு வாங்கப்போகிறான்" என்றார். அதை ஆதரவாக எடுத்துக்கொண்டேன். தாளில் முதல் முறை மட்டும் 'கூலன்ட் எனப்படும் குளிர்வி' என்று வருகிறது.

கும்பகோணத்திலிருந்து, வியாழன் நள்ளிரவுக்குச் சற்று முன்

தம்பி, தாள் போய்விட்டது, தெரியும். ஆனாலும் பதிவாகட்டும். 'குளிர்வி' என்பது ஏவல் வினை. "குளிர்வி!" என்று ஒருவரை ஏவுகிறோம். வினையெச்சம் என்று ஆற்றியைத் தள்ளிவிட்டு ஏவலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். "குளிர்வி ஊற்று" என்று எழுதினால் இரண்டு கட்டளை அடுத்தடுத்து நிற்கும்.

மின்சாரம் வந்துவிட்டது. 'மா' பற்றி விட்ட இடத்திலிருந்து ஞாயிறன்று எழுதுகிறேன்.

டொரொண்டோவிலிருந்து

நானும் பதிகிறேன். உறைதடுப்பி.

திண்டுக்கல்லிலிருந்து

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உணரியின் மரையில் வெள்ளை டேப் சுற்றச் சொல்லி எழுதியிருக்கிறீர்களா? அதிகம் சுற்றினால் பித்தளைக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு போய்விடும், எர்த் கிடைக்காது, முள் தப்பாகக் காட்டும். நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டு ஒரே ஒரு சுற்று போதும். மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் வைத்து மாட்டுகிறவர்கள் அடாப்டரிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும், சுற்றிலும் ரப்பர்தானே.

ஈரோட்டிலிருந்து

டேப் எழுதினேன் ஐயா. எர்த் வயர் எழுதவில்லை. அச்சகத்துக்குப் போன் போடுகிறேன்.