விட்டுப்போன பயிற்சிக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வயலின் கற்க வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. 43 வயதில்தான் அதற்கு நேரம் வாய்த்தது. தினமும் அரை மணி நேரம் வாசிப்பது என்று வைத்துக்கொண்டு, வாசித்த ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பி வந்தேன். 41 கட்டங்கள் தொடர்ச்சியாக நிரம்பிய பிறகு காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்த நாளிலிருந்து இன்றுவரை, ஏறக்குறைய 2 மாதங்களாக, பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆசை போய்விட்டதா என்றால் இல்லை. யாராவது வாசிப்பதைக் கேட்டால் இப்போதும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் குறிப்பேட்டை எடுத்தால் நிரம்பிய கட்டங்கள் தெரிவதில்லை, வெறுமையாகக் கிடப்பவைதான் கண்ணில் படுகின்றன. ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பதா, வலிந்து உட்காருவதா? இந்த நிலையைக் கடந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் பதில்

நீங்கள் தளர்ந்ததற்குக் காய்ச்சலைவிட அந்தத் தொடர்ச்சிக் கணக்குதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கண்ணி அறுந்ததும் முழுச் சங்கிலியும் வீணாகிவிட்டது போன்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010-இல் அச்சான ஆய்வு ஒன்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக ஆவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை ஆகலாம் என்று அவர்கள் கணித்தார்கள். நடுமதிப்பு 66 நாட்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் விடுபடுவதும் 2 மாதங்கள் விடுபடுவதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 41 நாட்களில் உங்கள் விரல்கள் கற்றது எதுவும் அந்தக் குறிப்பேட்டின் வெற்றுக் கட்டங்களால் அழிந்துவிடாது. ஆகவே தொடர்ச்சியை எண்ணுவதை விட்டுவிட்டு, மொத்தமாக வாசித்த நாட்களை மட்டும் எண்ணுங்கள். இனி நீங்கள் எப்போது வாசித்தாலும் அது 42-ஆவது நாள்தான். முதல் நாள் அல்ல.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எண்ணும் முறையை மாற்றினால் மட்டும் பெட்டி திறந்துகொள்ளாது. 3 ஆண்டுகளாக மொழி ஒன்றைக் கற்று வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊக்கம் பெரும்பாலும் உட்கார்ந்து 5 நிமிடங்கள் ஆன பிறகுதான் வருகிறது. பாடப் புத்தகம் அலமாரிக்குள் இருந்த நாட்களில் நான் படித்ததே இல்லை. மேசைமேல் விரித்து வைத்த பிறகுதான் படித்தேன். அதுபோல வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து, நீங்கள் அடிக்கடி கடந்துபோகும் இடத்தில், வெயில் படாமல், ஒரு தாங்கியில் வையுங்கள். எப்போது வாசிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிடுவதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். 'இரவு உணவுக்குப் பின் கை கழுவியதும் வயலின் வில்லைக் கையில் எடுப்பேன்' என்பது அத்தகைய முடிவு. 'நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்' என்பது வெறும் விருப்பம். அதை நம்பிப் பல மாதங்களை இழந்தவன் நான். அரை மணி நேரம் என்ற அளவையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சுருதி சேர்த்து, 4 தந்திகளிலும் வில்லை மெதுவாக இழுத்துப் பார்த்தாலே அன்றைய பயிற்சி முடிந்ததாகக் கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பெட்டியைத் திறந்தேன். 4 தந்திகளும் தளர்ந்து, சுருதி வெகுவாக இறங்கியிருந்தது. சுருதி சேர்த்து, வில் தந்தியைப் பற்றுவதற்கான ரோசின் என்ற பிசினை வில்லில் தடவவே கால் மணி நேரம் போயிற்று. அதன்பின் விரல் வைக்காமல் திறந்த தந்திகளை மட்டும் வாசித்தேன். ஒலி கரகரத்தது, இருந்தும் வில்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை. குறிப்பேட்டில் புதிய பக்கத்தில் 42 என்று எழுதியிருக்கிறேன். மீண்டும் அரை மணி நேரத்திற்கு எப்போது போகலாம்?

இரண்டாம் பதில் எழுதியவர்

மிகவும் மகிழ்ச்சி. அதற்கு நாள் குறிக்க வேண்டாம். நிறுத்த மனமில்லாத நாட்களில் கூடுதலாக வாசியுங்கள். களைத்த நாளில் 4 தந்திகளோடு நிறுத்துங்கள். குறைந்த அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் உயர்த்தாதீர்கள். உடல்நலம் குன்றும் அடுத்த வாரத்திலும் உங்களால் செய்ய முடிகிற அளவாக அது இருக்கட்டும்.