பனி நாட்டில் கோபுரம்: எது நிற்கிறது, எது உதிர்கிறது?

குளிர் நாடுகளில் நம்மவர் கட்டும் கோயில்களைப் பற்றி, வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

*

முதலில் அடி வாங்குவது சுதைதான், அதாவது கோபுரச் சிற்பங்களைச் செய்யும் சாந்து. சிற்ப மடிப்பில் தேங்கும் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். ஒரே குளிர்காலத்தில் பலமுறை உறைந்து உருகினால் விரல், மூக்கு, கிரீட நுனி என்று உதிர ஆரம்பிக்கும். உள்ளே சாதாரணக் கம்பி இருந்தால் துரு ஊதி, சுதையைப் பிளந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும். ஒவ்வொரு தளத்துக் கபோதத்தின் (வெளியே நீட்டிய வளைந்த விளிம்பின்) அடியிலும் ஒரு பள்ளம் இழுத்துவிட்டால், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டும். வண்ணம் சிலிக்கேட் வகையாக இருக்கட்டும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு எனாமல் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பாளம் பாளமாக உரியும். 5 டிகிரிக்குக் கீழே பூச்சு சரியாக இறுகாது. ஸ்தபதிகளைக் கோடையில் வரவழையுங்கள்.

*

சுதையை விட எனக்குப் பயம் விமானத்தில்தான், அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தில். கருவறைக்கு மேல் விமானமும் வானமும்தான் இருக்க வேண்டும் என்பது மரபு. குளிருக்காகப் பிரகாரம் வரை ஒரே கூரைக்குள் வந்துவிடுவதால், விமானம் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்த விளிம்பில்தான் ஒழுகல். நீர்காப்புச் சவ்வை விமானச் சுவரில் 15 செ.மீ.யாவது ஏற்றி, அதன் மேல் தகடு மடித்துச் செருகுங்கள். வெப்பக்காப்பு விட்டுப்போன இடத்தில் கருவறையின் உட்சுவர் வியர்த்து, பூஞ்சை பிடிக்கும்.

*

ஐயா சொன்னது சரி. ஆனால் வரைபடத்தில் பலர் மறப்பது, அபிஷேக நீர் வெளியேறும் கோமுகிக்குப் பின்னால் வரும் குழாய். அபிஷேகப் பாலும் நெய்யும் குளிர்ந்த குழாயில் கட்டிபிடித்து அடைக்கும். அகலக் குழாய், நல்ல சரிவு, கட்டடத்தின் சூட்டுக்குள்ளேயே ஒரு கொழுப்புத் தொட்டி, கை விட்டுக் கழுவ மூடி. யாகசாலையில் புகை உணர்கருவி வேண்டாம், தீயணைப்புத் துறை ஒப்புக்கொண்டால் வெப்ப உணர்கருவி. குண்டத்துக்கு மேல் புகைக்கூண்டும் அவசியம்.

*

இடம் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இன்றைய சைனாடவுன் தெருவோரத்திலேயே நிற்கிறது. ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தொழிற்பேட்டையில். அங்கே மேளத்துக்கும் தேர்க் கூட்டத்துக்கும் அண்டை வீட்டார் தொல்லை குறைவு. தொழிற்பேட்டையில் இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. கிடங்கை வாங்கிக் கோயிலாக்கி, கோபுரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் தப்பு. உயரம், வண்டி நிறுத்தம், தேர் ஓடும் பாதை மூன்றையும் கட்டட அனுமதிக்கான முதல் மனுவிலேயே காட்டுங்கள். ராஜகோபுரத்தின் அடித்தளத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள்.