'கான்ஃபிடென்ஷியல்' என்பதற்கு எந்தச் சொல்?

மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் கையெழுத்திடும் ஒரு பக்கப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன்: "நீங்கள் சொல்வது கான்ஃபிடென்ஷியலாக இருக்கும்."

'ரகசியம்' என்று போட்டேன். ஏதோ தப்பை மறைப்பது போல ஒலிக்கிறது. 'அந்தரங்கம்' படுக்கையறைப் பக்கம் போய்விடுகிறது. 'மந்தணம்' அகராதியில் இருக்கிறது, படித்துக் காட்டிய இருவருக்குமே புரியவில்லை. 'ரகசியக் காப்பு' என்றால் அமைச்சர் பதவியேற்புதான் ஞாபகம் வருகிறது. 'கமுக்கம்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் "ஆள் கமுக்கமா இருக்கான்" என்றால் அழுத்தக்காரன் என்றல்லவா அர்த்தம்! நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது என்ற பொருள் அதில் ஒட்டவில்லை.

படிப்பவர்கள் சாதாரண மக்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த வரியில் நீங்கள் என்றால் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?