இடது ஹெட்லைட் மங்கலாக எரிந்த பிரச்சனை: சரியாகிவிட்டது (புதுப்பிப்பு)

என் வண்டியின் ஹெட்லைட் பற்றி இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விஷயம் இதுதான்: லோ பீம் (டிம் லைட்) போட்டால் இடது பக்கம் மட்டும் மங்கல், கூடவே டேஷ்போர்டில் ஹை பீமின் நீல விளக்கும் லேசாக மினுங்கும். மேலூர் ரோட்டில் ராத்திரி வர பயமாகவே இருந்தது.

முதலில் பல்பை மாற்றினேன், வீண் செலவு. ஃப்யூஸ், ரிலே இரண்டும் நன்றாகவே இருந்தன. "எர்த்தைப் பாருங்க அண்ணே" என்று ஒரு தம்பி சொன்னாரே, அதுதான் சரி. எர்த் என்பது கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 3.4 வோல்ட் காட்டியது, கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். பேட்டரிக்குக் கீழே பாடியில் முடுக்கியிருந்த எர்த் போல்ட் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.1 தான்.

எதிர்பாராதது ஒன்று: வலது பக்க ஹோல்டர் உருகிக் கருகிப்போயிருந்தது. பழைய ஓனர் அளவுக்கு மீறிச் சூடாகும் 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு மாட்டியிருக்கிறார், புண்ணியவான். திருமங்கலத்தில் செராமிக் ஹோல்டர் வாங்கி, வழக்கமான 60/55 வாட் எச்4 பல்பே (ஹை, லோ இரண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) போட்டுவிட்டேன்.