யுன்சிவ்: 4 நகரம், ஹப்பினஸ் -7, கையில் ஐந்தாவது செட்லர், பக்கத்தில் குதிரைப்படை. என்ன செய்யலாம்?

பரந்தன்_வயல்

வணக்கம். யுன்சிவ் விளையாடுகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு நாளாக என் டேர்னை (என் முறையை) முடிக்காமல் வைத்திருக்கிறேன், மற்ற மூன்று பேரும் எப்போது போடுவாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு, இது சிவிலைசேஷன் 5 மாதிரி, நகரங்களை வைத்து நாட்டை வளர்க்கிற, போனுக்குச் செய்த இலவச ஆட்டம், பழைய அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவருக்கு முறை வரும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாலு பேர்: நான், மாங்குளத்தில் ஒருவன், முல்லைத்தீவில் ஒருவன், வவுனியாவில் ஒருவன். ஒரு நாளைக்கு மூன்று நாலு டேர்ன்தான் போகும். நான் போடுவது பெரும்பாலும் இரவில், வயல் காவல் கொட்டிலில் இருந்து. வரம்புப் பக்கம் டோர்ச் அடித்துப் பன்றி நிற்கிறதா என்று பார்ப்பேன், வந்து ஒரு வேர்க்கரை (நிலத்தைத் திருத்துகிற ஆளை) நகர்த்துவேன், திரும்பவும் டோர்ச் அடிப்பேன். அப்படியே 78 டேர்ன் வந்துவிட்டது.

இப்போது நிலைமை. நகரம் 4. தலைநகரத்தில் 5 பேர், மற்றவற்றில் 3, 2, 2. ஆட்டத்தின் கடினம் பிரின்ஸ் லெவல். ஹப்பினஸைக் கூட்டும் லக்சுரிப் பொருள்களில் பருத்தியும் வாசனைத் திரவியமும் இருக்கின்றன, பருத்தி மட்டும் மூன்று இடத்தில் கிடைக்கிறது. கொள்கைகளில் லிபர்ட்டி எடுத்திருக்கிறேன். ஹப்பினஸ், அதாவது மக்களின் மகிழ்ச்சி, -7. நாலாவது நகரம் வைத்த நாளில் இருந்து எந்த நகரமும் வளர்வதாகத் தெரியவில்லை. இதற்குள் இன்னொரு செட்லர் (புது நகரம் வைக்கிற ஆள்) முடிந்து தலைநகரத்தில் நிற்கிறது. மேற்கே மலையடியில் இரும்பு இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் செய்தேன். ஆனால் மாங்குளத்தான் அதற்கு நாலு கட்டம் தள்ளி ஒரு நகரம் வைத்துவிட்டான், அங்கே நாலு குதிரைவீரரும் நிற்கிறார்கள். இரும்பை விட்டால் அவன் எடுப்பான், பிறகு வாள்வீரர்களோடு என்னிடம்தான் வருவான். நகரத்தை வைக்கட்டுமா, வேண்டாமா?

புதுக்குடியிருப்பு_வேகம்

யோசிக்காதீங்க அண்ணா, வைத்துவிடுங்கள். வைப்பதை விட அவனுடைய புது நகரத்தை அடித்துப் பிடிப்பது இன்னும் நல்லது. புது நகரம்தானே, மதில் இருக்காது. மூன்று வில்லாளி, இரண்டு ஈட்டிக்காரர் இருந்தால் பத்து டேர்னுக்குள் முடிந்துவிடும். இரும்பும் உங்களுக்கு, எல்லையும் உங்களுக்கு. குதிரை வைத்திருக்கிறவனுக்கு நேரம் கொடுத்தால் தொல்லை.

வவுனியா_நிலா

அடிப்பதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். ஒரு நகரத்துக்கு 3, ஒரு ஆளுக்கு 1 என்று ஹப்பினஸ் குறையும். உங்களுக்கு 4 நகரம், 12 ஆள், மொத்தம் 24. பிரின்ஸில் தொடக்கத்தில் கிடைப்பது 9, இரண்டு லக்சுரிக்கு 8, கூட்டினால் 17. அதனால்தான் -7. பருத்தி மூன்று இடத்தில் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் கணக்கு வரும், மற்ற இரண்டும் உங்களிடம் சும்மா கிடக்கின்றன.

இனி இரும்பு நகரத்தை வைத்தால் நகரத்துக்கு 3, அதில் இருக்கும் ஒரு ஆளுக்கு 1, ஆக -11. பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது வளர்ச்சியில் நூற்றுக்கு 75 வெட்டுகிறார்கள், அதைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். -10 ஐத் தாண்டினால் வளர்ச்சி முழுதாக நின்றுவிடும். ஐந்து நகரம் இருந்து ஐந்தும் வளராமல் இருப்பதற்கு நாலே பரவாயில்லை.

தம்பி சொன்ன சண்டைக்கும் இதே கணக்குத்தான். ஹப்பினஸ் கழித்தலில் இருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் படையின் பலத்தில் 2% குறையும். -7 என்றால் 14%. பிடித்த நகரமும் தன் பங்குக்கு ஹப்பினஸைக் கீழே இழுக்கும். இந்த நிலையில் போனால் வில்லாளிகளைத்தான் இழப்பீர்கள்.

ஒரு கேள்வி. இரும்பு இடத்தின் சுற்றுவட்டாரத்தில் உங்களிடம் இல்லாத லக்சுரி ஏதாவது இருக்கிறதா?

பரந்தன்_வயல்

இல்லை அக்கா, இரும்பும் கல்லும்தான். தெற்கே ஐந்து கட்டத்தில் சமவெளியில் சாம்பிராணி ஒன்று இருக்கிறது, ஆற்றோரம். ஆனால் அங்கே யாரும் போட்டிக்கு வரவில்லை, எப்போதும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வவுனியா_நிலா

அதுதான் உங்கள் ஐந்தாவது நகரம். சாம்பிராணி புது லக்சுரி, +4. நகரம் கேட்பதும் 4. தோட்டம் போட்டு முடிந்ததும் அந்த நகரம் தன் செலவைத் தானே கட்டிவிடும். தோட்டத்துக்கு வேண்டிய காலண்டர் தொழில்நுட்பம் உங்களிடம் இருக்கவேண்டும், பருத்தி எடுக்கிறீர்கள்தானே. ஆனால் வேர்க்கர் தோட்டம் போட்டு முடிக்கும்வரை -11 தான், அதனால் முதலில் ஹப்பினஸைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்துவிட்டு வையுங்கள். செட்லர் நகரத்துக்குள் நிற்கட்டும்.

முத்தையன்கட்டு_அண்ணை

தம்பி, நீர் வயல் செய்கிறவர், உமக்கு இது சொல்லாமலே விளங்கவேண்டும். சிறுபோகத்துக்குக் கூட்டம் வைத்தால் முதலில் என்ன கேட்கிறார்கள்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று. காணி எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பது பிறகுதான். தண்ணீர் குறைந்த வருடத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவனுக்கும் அரை ஏக்கர்தான் பங்கு. அதை மீறி விதைத்தால் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது குளத்துத் துருசை (மதகை)ப் பூட்டிவிடுவார்கள், விதைநெல்லும் போய், உழவுக் கூலியும் போய், வைக்கோல்தான் மிஞ்சும். நீர் நாலாவது நகரத்தை அப்படித்தான் விதைத்திருக்கிறீர்.

தங்கச்சி சொன்ன கணக்கு சரி. நான் வேறொன்று கேட்கிறேன். பருத்தி இரண்டு சும்மா கிடக்கிறது என்கிறீர். முல்லைத்தீவு நண்பர் கடலோரத்தில் இருப்பார் என்று நினைக்கிறேன், அவரிடம் முத்து இல்லையா? நாலு பேர் விளையாடுகிற ஆட்டத்தில் 78 டேர்ன் வரைக்கும் ஒரு லக்சுரி கூட மாற்றவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். ஏன் உம்மோடு யாரும் வியாபாரம் செய்கிறார்கள் இல்லை?

பரந்தன்_வயல்

அண்ணை, அவனிடம் முத்து இரண்டு இருக்கிறது. நான் பருத்தி தருகிறேன் என்று மூன்று தரம் அனுப்பினேன், மூன்று தரமும் மறுத்துவிட்டான். மாங்குளத்தான் பார்க்காமலே மறுப்பான்.

காரணம் எனக்குத் தெரியும், எழுத மனம் வரவில்லை. போன ஆட்டத்தில் மாங்குளத்தானோடு சமாதானம் எழுதினேன். அந்த ஒப்பந்தம் 10 டேர்னுக்கு நிற்கும், அதற்குள் யாரும் போர் அறிவிக்க முடியாது. நான் 11 ஆவது டேர்னில் அடித்து அவனுடைய இரண்டு நகரத்தைப் பிடித்தேன். அந்தப் பத்து டேர்னும் படையை எல்லையில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டம் முடிந்துவிட்டது, புது ஆட்டம் புதுக் கணக்கு என்று நினைத்தேன்.

முத்தையன்கட்டு_அண்ணை

கொம்பியூட்டரோடு விளையாடினால் அது சரி. இங்கே விளையாடுகிறது ஆட்கள். வரைபடம் புதுசு, ஆட்கள் பழசு. இது சட்டத்துக்குள் செய்த காரியம்தான், பிழை என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அதன் விலையை இந்த ஆட்டத்தில் கட்டுகிறீர். உமக்கு வராத முத்து ஒன்று, அது +4.

நான் செய்வது என்றால் இப்படிச் செய்வேன். பருத்தி ஒன்றை முல்லைத்தீவுக்காரருக்குப் பதிலுக்கு எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுவேன். சாதாரண வேகத்தில் 30 டேர்ன் ஓடும் ஒப்பந்தம். உமக்கு அதில் ஒரு சதமும் நட்டம் இல்லை, அவருக்கு உடனே +4. அதே நேரம் மாங்குளத்தான் பக்கம் நிற்கும் படையை எல்லையில் இருந்து இரண்டு கட்டம் பின்னால் எடுப்பேன், அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பிறகு எழுதிக் கேட்பேன், இரும்பு உனக்கு, தெற்கு எனக்கு என்று. நேரே கேட்கவேண்டும், போன் எடுத்துக் கதைத்தாலும் நல்லது.

புதுக்குடியிருப்பு_வேகம்

அண்ணை, இரும்பை விட்டுக்கொடுத்தால் அவன் வாள்வீரரைச் செய்துகொண்டு வரமாட்டானா? படையைப் பின்னால் எடுப்பது ஆபத்தில்லையா?

வவுனியா_நிலா

அந்தப் பயம் நியாயம். முறை போட்டு விளையாடுகிற ஆட்டத்தில் எதிராளி தன் டேர்னில் போர் அறிவித்து அப்போதே அடித்துவிடுவான், நாங்கள் போனைத் திறந்து பார்க்கும்போது அடி விழுந்து முடிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தரமும் டேர்னை முடிக்கும் முன் "இப்போது அடித்தால் என்ன ஆகும்" என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் முடிக்கவேண்டும். பின்னால் எடுப்பது என்றால் கலைத்துவிடுவது இல்லை.

மேற்கே மலை என்று சொன்னீர்கள். மலைத்தொடருக்கும் உங்கள் நகரத்துக்கும் இடையில் வழி எவ்வளவு அகலம்?

பரந்தன்_வயல்

பார்த்தேன். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் ஏரி, நடுவில் இரண்டு கட்டம்தான். அதில் ஒன்று குன்று.

வவுனியா_நிலா

அப்படியென்றால் நீங்கள் பயப்படத் தேவையில்லை. குன்றில் ஒரு ஈட்டிக்காரரை நிறுத்தி அரண் போடவையுங்கள், பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவர். ஈட்டிக்காரருக்குக் குதிரைப்படைக்கு எதிராக 50% கூடுதல், குன்றுக்கு 25%. பின்னால் இரண்டு வில்லாளிகள், அவர்கள் இரண்டு கட்டம் சுடுவார்கள், முன்வரிசையைத் தாண்டி அடிக்கலாம். ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்பதால் நாலு குதிரை வந்தாலும் ஒரே நேரத்தில் நாலும் மோத முடியாது. குதிரைவீரருக்கு நகரத்தைத் தாக்கும்போது பலமும் குறைவு. இது மிரட்டல் இல்லாத காவல். அவன் எல்லையில் இருந்து பார்த்தால் அவனைத் தாக்கப்போகிற படை மாதிரித் தெரியாது.

இன்னொன்று, லிபர்ட்டியில் மெரிட்டோக்ரசி என்ற கொள்கையை எடுத்துவிட்டீர்களா? தலைநகரத்தோடு றோட்டால் இணைந்த ஒவ்வொரு நகரத்துக்கும் +1. றோட்டுக்குப் பராமரிப்புக் காசு போகும், ஆனால் இணைப்பில் இருந்து வருமானமும் வரும். குதிரை மேய்ச்சல் நிலம் உள்ள நகரம் இருந்தால் ஹப்பினஸுக்கு அங்கே சர்க்கஸ் கட்டுங்கள், எல்லா இடத்திலும் கொலோசியம் கட்டுவதை விட அது கெதியாக முடியும்.

மாங்குளம்_சந்தி

அந்த மாங்குளத்தான் நான்தான். முல்லைத்தீவில் இருக்கிறவன் இதை எனக்கு அனுப்பினான்.

மச்சான், குதிரை நாலும் உன்னை அடிக்கச் செய்ததில்லை. உன் வில்லாளிகள் மூன்று பேர் என் எல்லைக்குப் பக்கத்தில் பதினைந்து டேர்னாக நிற்கிறார்கள், போன தரமும் அப்படித்தான் நின்றார்கள். நகரத்தையும் அதற்காகத்தான் அவ்வளவு முன்னுக்கு வைத்தேன், இல்லாவிட்டால் கடலோரம் போயிருப்பேன், எனக்கும் ஹப்பினஸ் -3. இரும்பு எனக்கு வேண்டும். தெற்கே நான் வரமாட்டேன். ஆனால் 10 டேர்ன், 11 டேர்ன் கதையெல்லாம் வேண்டாம், அடிக்கப்போகிறாய் என்றால் ஐந்து டேர்னுக்கு முதல் சொல்லு. நானும் சொல்வேன்.

பரந்தன்_வயல்

சரி மச்சான். ஐந்து டேர்ன். நேற்று இரவு உனக்குப் போன் எடுக்கத்தான் இருந்தேன். போன ஆட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன், இங்கேயே எல்லோருக்கும் முன்னால் கேட்பதுதான் முறை. வில்லாளிகளை இந்த டேர்னிலேயே எடுக்கிறேன். ஈட்டிக்காரர் குன்றில் நிற்பார், அது என் வீட்டு வாசல், அதைக் குறை நினைக்காதே.

பரந்தன்_வயல் (ஐந்து நாள் கழித்து)

உதவி செய்த எல்லோருக்கும் நிலைமையைச் சொல்லவேண்டும். இப்போது 94 ஆவது டேர்ன்.

பருத்தியைச் சும்மா கொடுத்தேன். முல்லைத்தீவுக்காரன் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டான், இரண்டு டேர்ன் கழித்து அவனே முத்து ஒன்றை அனுப்பினான், அதற்கும் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. -7 இருந்தது -3 ஆனது. மெரிட்டோக்ரசி எடுத்து மூன்று நகரத்தையும் றோட்டால் இணைத்தேன், இடையில் தலைநகரத்தில் ஒரு ஆள் கூடியதால் -1 இல் நின்றது. சர்க்கஸ் முடிந்ததும் முதல்முறையாகப் பூச்சியத்துக்கு மேலே வந்தது. இத்தனை நாள் அசையாமல் கிடந்த நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளரத் தொடங்கியதைக் கொட்டிலில் தனியாக இருந்து பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மாங்குளத்தான் இரும்பை எடுத்துவிட்டான். அவனோடு இன்னும் எந்த வியாபாரமும் இல்லை, ஆனால் அனுப்பினால் திறந்து பார்க்கிறான். குதிரை இரண்டைக் கடலோரப் பக்கம் கொண்டுபோயிருக்கிறான்.

செட்லரை நேற்று ஆற்றோரம் வைத்தேன். திரும்பவும் கழித்தலுக்கு வந்துவிட்டது, ஆனால் -10 எங்கேயோ கீழே இருக்கிறது, வேர்க்கர் சாம்பிராணிக் கட்டத்தில் நிற்கிறான்.

முத்தையன்கட்டு_அண்ணை

நல்லது தம்பி. தோட்டம் முடிய இன்னும் எத்தனை டேர்ன்?

பரந்தன்_வயல்

மூன்று, அண்ணை.