சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் சேர்ந்தே போட்ட விவாகரத்து மனு: உங்களுக்கு எப்படி நடந்தது?

அம்மாபேட்டைக்காரி

பிரிவதற்கும் நல்ல நாள் பார்க்கிற வீடு எங்களுடையது. 2022 ஆனியிலேயே நானும் வீட்டுக்காரரும் விவாகரத்து என்று முடிவு செய்துவிட்டோம். காகிதமெல்லாம் தயார் என்று வக்கீலும் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா, "ஆடி பொறக்கப் போகுது, கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும்" என்று நிறுத்திவிட்டார். அவர் வீட்டிலும் அதே பேச்சாம். ஆறு வருஷத்தில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத சம்பந்திகள் இதில் மட்டும் ஒரே சொல்லாய் நின்றார்கள். ஆவணி இரண்டாம் வாரம்தான் மனு போட்டோம்.

இப்போது இதை எழுதக் காரணம், தெரிந்த பெண் ஒருத்தி போனில் கேட்ட கேள்வி. "அக்கா, ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்தானே?" முடியாது. நாங்கள் மனுவில் ஒரு தரம் சரி சொன்னோம், ஆலோசகர் அறையில் ஒரு தரம் சொன்னோம், ஆறு மாதம் கழித்து ஜட்ஜ் கேட்டபோது இன்னொரு தரம் சொன்னோம். நடுவில் இருக்கும் நாட்களில்தான் மனசு முன்னும் பின்னும் போகும்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, "எப்போதிருந்து தனியா இருக்கீங்க?" என்பதுதான். இந்துத் திருமணச் சட்டத்தில் 13பி என்ற பிரிவை 1976இல் சேர்த்தார்கள். அதன்படி, மனு போடும் நாளுக்கு முன்னால் ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். நான் 2021 தையிலேயே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் இடையில் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் போய்ச் சமைத்துப் போட்டேன். அது கணக்கைக் கெடுத்துவிடுமோ என்று பயந்தேன். புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்பதுதான் முக்கியம், ஒரே கூரைக்கடியில் இருந்தது தடையில்லை என்றார் வக்கீல்.

பணத்தில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. தகராறு வந்தது சாமான் பட்டியலில். மனுவோடு சேர்க்க ஒரு பட்டியல் தயாரித்தோம், மொத்தம் இருபத்திரண்டு வரி. பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு ஒரு ஜோடி. தங்கத்துக்கு ரசீது இருந்ததால் அதில் பேச்சே எழவில்லை. பதினேழாவது வரி, வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி. மாமனார் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணத்துக்காக அவரே உட்கார்ந்து பற்றவைத்த கொலுசு அது, காலுக்கு ஏழு மணி. நான் கிளம்பியபோது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். "எங்கப்பா கையால செஞ்சது, அது எங்க வூட்டுப் பொருள்" என்றாள் நாத்தனார். பெண்ணுக்கென்று கொடுத்த நகையை எந்த வீட்டார் கொடுத்திருந்தாலும் அது அவளுடைய சீதனம்தான் என்று வக்கீல் எனக்காகப் பேசினார். எனக்கோ அந்த ஒரு வரிக்காக இன்னொரு மாதம் இழுக்கத் தெம்பில்லை. "அடிச்சிடுங்க சார்" என்றேன். பதினேழாம் வரியை அடித்து, ஓரத்தில் இருவரும் சின்னதாய்க் கையெழுத்துப் போட்டோம்.

ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சட்டத்தில் மனு போட்டு ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்புக் கேட்கக் கூடாது, பதினெட்டு மாதத்துக்கு மேல் போகவும் கூடாது என்று இருக்கிறது. அந்த ஆறு மாதத்தைக் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, தகுந்த வழக்கில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. அவர் போட்டிருந்த சீட்டு தையில்தான் முதிர்ந்தது, அதற்கு முன்னால் எனக்குத் தர அவர் கையில் பணம் கிடையாது. சட்டம் கொடுத்த அவகாசமும் சீட்டுக்காரர் கொடுத்த அவகாசமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

மாசியில் ஒருநாள் காலை பத்தரைக்கெல்லாம் போய் வராந்தாவில் நின்றோம். டவாலி பெயரை மூன்று தடவை கூப்பிட்டார், முதலில் என் பெயர், அடுத்து அவர் பெயர். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இரண்டு பெயரையும் அப்படி அடுத்தடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். முகூர்த்தப் பட்டில் நிற்கும் எங்கள் போட்டோவுக்கு ஆவணம் ஒன்று என்று எண் போட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, சேர்ந்து வாழ வழி உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். அவர் பேங்க் டிராஃப்டைக் கொடுத்தார், நான் வாங்கினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

மற்றவர்களும் எழுதுங்கள். முக்கியமாக சேர்வராயன் மலையிலிருந்து வந்தவர்கள்.

சூரமங்கலத்தான்

நான் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டவன். சிங்கப்பூரில் வேலை, ஆறு மாதம் கழித்து மறுபடி லீவு கிடைக்காது. மனு போட்டு ஒரு வாரம் கழித்து அதற்கென்று தனி மனு போட்டோம். வெளிநாட்டு வேலை, லீவில்லை என்று சொன்னால் மட்டும் தரமாட்டார்கள். மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும். சமரசம் பேசிப் பார்த்தும் பலனில்லை என்று ஆகியிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை விஷயம் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, பிள்ளையும் இல்லை. அதனால் கிடைத்தது.

நான் பண்ணிய கோளாறு ஒன்று உண்டு. மனுவில் என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. டைப் செய்ததைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த ஒரு எழுத்துக்காகத் திருத்த மனு, அலைச்சல். ஆதார், பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுவை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். வங்கிக்காரர் ஒன்று கேட்பார், விசாக்காரர் ஒன்று கேட்பார்.

குரும்பப்பட்டி அம்மா

எனக்கு அப்போது மகனுக்கு நாலு வயது. பையனை வளர்க்கப் பணமே வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று எழுதச் சொன்னேன். என் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "உனக்கு வேண்டாம்னா நீ எழுதிக் கொடும்மா. பிள்ளைக்கு வேண்டியதை வேண்டாம்னு எழுத உனக்கு உரிமை இல்லை." அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. போன ஜூனில் பையனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

அப்பா பையனைப் பார்க்கும் நேரத்தை, "இருவருக்கும் வசதியான நாளில்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் எழுதினார்கள், இரண்டு பேருக்கும் வசதியான நாள் இன்றுவரை வரவில்லை. எங்களுடையதில் மாதம் இரண்டாவது, நான்காவது ஞாயிறு, காலை பத்து முதல் மதியம் ஒரு மணி, இடம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வாசல் என்று இருக்கிறது. பையனுக்கு இப்போது அங்கே இருக்கும் மான்களெல்லாம் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறான், அதில் ஒன்றுக்கு என் பேர்.

இன்னொன்று. கையில் காசில்லாத பெண்கள், வக்கீலுக்கு எங்கே போவது என்று அழ வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அப்படி வந்தவர்தான் அந்தப் பேனாக்காரர்.

பெயர் வேண்டாம்

ஐந்தாவது மாதம் என் மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். தீர்ப்பு சொல்லும் நாள்வரை ஒருவர் பின்வாங்கலாம், அப்படிப் பின்வாங்கினால் அந்த மனுவில் விவாகரத்து கொடுக்க முடியாது என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். மனு தள்ளுபடியானது. வேறு காரணம் காட்டித் தனியாக வழக்குப் போடுவதா, இன்னொரு தடவை பேசிப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இங்கே எல்லோருக்கும் முடிந்த கதையாகவே வருகிறது, அதனால் எழுதினேன்.

நாகலூர் மேஸ்திரி

மலையிலிருந்து கேட்டீர்களே, நான் எழுதுகிறேன். காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. நாங்கள் மலையாளிகள். கேரளாக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், சேர்வராயன் மலையிலேயே இருக்கிற பழங்குடி. எனக்கும் அவளுக்கும் சண்டையே கிடையாது. அவள் திருப்பூர்க் கம்பெனியில் நிலைத்துவிட்டாள், நான் காட்டை விட்டு இறங்கமாட்டேன். ஊர்க்கவுண்டர் முன்னால் பெரியவர்கள் கூடிப் பேசி எங்களைப் பிரித்துவிட்டார்கள். ஊரைப் பொறுத்தவரை அத்தோடு சரி. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் மாற்றப் போனபோது கோர்ட்டுத் தீர்ப்பு கேட்டார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வக்கீலைப் பார்த்தால், அவர் முதலில் சாதிச் சான்றிதழைக் கேட்டார். பட்டியல் பழங்குடிகளுக்கு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே அப்படி இருக்கிறதாம். ஆகவே நீங்களெல்லாம் போட்ட 13பி மனு எங்களுக்குச் சரிப்படாது என்றார். எங்கள் வழக்கப்படி பிரிந்தாகிவிட்டது, அதை உறுதிசெய்து சொல்லுங்கள் என்று குடும்ப நல நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். கேட்டோம்.

அப்படிக் கேட்டால் வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர், பஸ்ஸில் போனால் வளைவுக்கு வளைவு குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே இறங்கினார். கூண்டில் ஏறியதும், "எத்தனை தலைமுறையா இந்த வழக்கம்?" என்று கேட்டார்கள். "எங்க தாத்தன் ரெண்டு தரம் பிரிஞ்சவருங்க" என்றார். கோர்ட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

அது மார்கழி, பழம் பறிக்கிற சமயம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போயிற்று. பத்தரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்றால் மேலே இருட்டோடு கிளம்ப வேண்டும். வாய்தா தேதியைக் கேட்பதற்கென்று மட்டும் இறங்காதீர்கள். வழக்குக்குப் பதினாறு இலக்கத்தில் ஒரு எண் தருவார்கள், அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் போனிலேயே தேதி வந்துவிடும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றுதான், அங்கே ஏறி நின்று பார்ப்பேன்.

ஆத்தூர்ப் பக்கம்

மேலே அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு மற்ற சாதிக்காரர்கள் யாரும் பஞ்சாயத்தில் எழுதி வாங்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். என் சித்தப்பா இருபது ரூபாய்ப் பத்திரத்தில் விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரையும் குத்தி, மறுகல்யாணம் பண்ணிக்கொண்டார். எங்கள் சமூகத்தில் அப்படிப் பிரியும் வழக்கம் இருந்ததென்று அவரால் காட்ட முடியவில்லை. பத்திரம் செல்லாது, முதல் கல்யாணம் அப்படியே நிற்கிறது என்றாகி, இரண்டாவது சித்தி நடுத்தெருவில் நின்றார். மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

குரும்பப்பட்டி அம்மா

அம்மாபேட்டை அக்கா, நீங்கள் அடித்துவிட்ட அந்தக் கொலுசு என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

அம்மாபேட்டைக்காரி

கேட்பீர்கள் என்று தெரியும். முதலில் எழுத வேண்டாம் என்றுதான் விட்டிருந்தேன்.

மாசியில் அந்த நாளில் வேலை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது அவருக்கே, அதாவது என் பழைய வீட்டுக்காரருக்கே, தெரியாது. பட்டறையை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆபரேஷன் பண்ணிய கண் வேறு. என்னைப் பார்த்ததும் எழுந்து, காலண்டர் தாளில் மடித்த பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"கொக்கி தேஞ்சிருந்துச்சு கண்ணு. மாத்திப் பத்தவெச்சிருக்கேன்."

"மாமா, அதைப் பட்டியல்ல அடிச்சாச்சே."

"அது கெடக்கு. மணியில ரெண்டு ஒலிக்கல, புதுசு போட்டிருக்கேன். எடை கொஞ்சம் கூட இருக்கும், பாத்துக்க."

நாத்தனாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல், நாலு ரோடு பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். ஸ்டாப் வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "குளிக்கறப்ப கழட்டி வெய்யி, சோப்புத் தண்ணி பட்டா கருத்துப் போகும்" என்றார்.