காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் விலகுகிறார்: 6 வாரத்தில் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

காலை_ஷிப்ட்:

வணக்கம். உள்ளூர்ப் பேச்சு வானொலி. காலை 6 முதல் 10 வரை பல ஆண்டுகளாக ஒரே தொகுப்பாளர். செய்தி, போக்குவரத்து நிலவரம், விருந்தினர் பேட்டி, நேயர் அழைப்பு, இவ்வளவுதான், பாட்டே கிடையாது. சுமுகமாகத்தான் விலகுகிறார். கடைசி நாளுக்கு இன்னும் 6 வாரம் இருக்கிறது. அடுத்து வருபவரை முடிவு செய்தாயிற்று, ஆனால் அவருக்கு மாலை நிகழ்ச்சிப் பழக்கம் மட்டுமே. நேயர்களிடம் எப்போது, யார் சொல்வது? கடைசி நாளை நேரலையாக விடலாமா, பதிவு செய்து போடலாமா? புதியவர் வந்த முதல் வாரத்தில் வழக்கமாக எங்கே சறுக்கும்?

ஃபேடர்_7:

சொல்லும் வரிசை முக்கியம். முதலில் நிலைய ஊழியர்கள். அதே நாள் மதியத்துக்குள், அவர் குரலில் விளம்பரம் ஓடும் விளம்பரதாரர்கள். மறுநாள் காலை நேயர்கள். நடுவில் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் சேதி தானாகக் கசியும். அழைப்பு எடுக்கும் உதவியாளர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திணறுவார். அவர் கையில் மூன்று வரிப் பதில் ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

நேயர்களிடம் அவரே சொல்லட்டும். கடைசி நாளுக்கு 2 வாரம் முன்பு போதும். 6 வாரம் முன்பே சொன்னால் அன்று முதல் வரும் அழைப்பெல்லாம் பிரியாவிடையாகிவிடும், அன்றன்றைய பேச்சு நடக்காது. இரண்டு நாள் முன்பு சொன்னால் ஏதோ சண்டை என்று வதந்தி கிளம்பும்.

காலை நேயர் 4 மணி நேரமும் உட்கார்ந்து கேட்பவர் அல்ல. கிளம்பும் அவசரத்தில் 15, 20 நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். அதனால் ஒரு முறை சொன்னால் பெரும்பாலோர் காதில் விழாது. 6.20, 7.20, 8.20, 9.20 என்று நான்கு முறையும் ஒரே வாசகத்தைப் படிக்க வேண்டும். நினைவிலிருந்து சொன்னால் நான்கும் நான்கு விதமாக வரும், அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி வரும். நான் விலகுகிறேன், கடைசி நாள் இன்ன தேதி, அடுத்து வருபவர் இவர், நிகழ்ச்சி இதே நேரத்தில் தொடரும்: வாசகத்தில் இந்த நான்கும் இருந்தால் போதும். காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். சொன்னால் நிலையமும் அதே காரணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் நேரலைதான், சந்தேகமே வேண்டாம். பதிவு என்றால் அவர் நேரம் சொல்ல முடியாது, அழைப்பு எடுக்க முடியாது. பழகிய நேயர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அழைப்பாளர் ஏடாகூடமாகப் பேசிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் அதற்குத்தான் தாமதக் கருவி, பேச்சைச் சில விநாடி சேமித்து வைத்துப் பிறகு ஒலிபரப்புவது. 8 விநாடி முழுதாக நிரம்பியிருக்கிறதா என்று 6 மணிக்கு முன்பே பாருங்கள். ஒரு முறை நீக்கு பொத்தானை அழுத்தினால் சேமிப்பு காலியாகும். கருவி பேச்சைக் கேட்பவருக்குத் தெரியாத அளவு மெல்ல இழுத்து இழுத்து மறுபடி நிரப்பும். அது நிரம்பும் வரை அடுத்த அழைப்பை எடுக்கக் கூடாது. பெரும்பாலான விபத்து இங்கேதான்: முதல் அழைப்பாளரை வெட்டிவிட்ட நிம்மதியில் உடனே இரண்டாமவரை எடுப்பார்கள், கையில் ஒரு விநாடி பாதுகாப்புகூட இருக்காது. பொத்தான் தயாரிப்பாளர் கையில் இருக்கட்டும். நெகிழ்ந்து பேசிக்கொண்டிருப்பவரால் சமயத்தில் அதை அழுத்த முடியாது.

லாக்_எடிட்டர்:

மேலே சொன்னது சரி. ஆனால் பிரியாவிடையை 4 மணி நேரமும் ஓட்டாதீர்கள். முதல் மூன்று மணி நேரம் வழக்கமான நிகழ்ச்சி, கடைசி மணி மட்டும் நேயர்களுக்கு. ஒரு அழைப்புக்கு 45 முதல் 60 விநாடி. அன்று இணைப்பே கிடைக்காது என்பதால், அந்த வாரம் முழுக்க வரும் வாழ்த்துகளை ஒலிபரப்பில் எடுக்காமல் பதிவு செய்து, 20 விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரலை அழைப்பு சொதப்பினால் இடையில் போட உதவும்.

நான் சொல்ல வந்தது வேறு. அவர் போன பிறகும் அவர் பெயர் ஒலித்துக்கொண்டே இருக்கும், அதுதான் நிலையத்துக்கு அவமானம். ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு, யாரும் கவனிக்காத இடத்தில், "நாளைக் காலை உங்களோடு..." என்று பழைய ப்ரோமோ ஓடும். ஆட்டோமேஷனில் (பதிவுகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) கோப்பின் பெயரை வைத்துத் தேடினால் பாதிதான் சிக்கும். பெயர் தலைப்பில் இருக்காது, ஒலிக்குள் இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். 6 வாரம் இருக்கிறதல்லவா, ஒரு நாளைக்கு அரை மணி ஒதுக்கினால் முடியும்.

கேட்க வேண்டியவை: நிலைய ஜிங்கிள்கள், மற்ற நிகழ்ச்சிகளின் ப்ரோமோ, போக்குவரத்துச் செய்திக்கு முன் வரும் அறிமுகம், ஸ்பான்சர் வரி, நேரலை தடைப்பட்டால் ஓட வைத்திருக்கும் அவசரப் பதிவு, வார இறுதி மறுஒலிபரப்பு. ஸ்டூடியோவுக்கு வெளியே: தொலைபேசியில் காத்திருப்போருக்கு ஓடும் குரல், இணையதளம், செயலி, கார் ரேடியோவில் தெரியும் ஆர்டிஎஸ் எழுத்து. ஆர்டிஎஸ்ஸை எல்லாரும் மறப்பார்கள். நிலையப் பெயருக்கு 8 எழுத்துத்தான் இடம், அதில் ஆள் பெயர் இருக்காது. ஆனால் 64 எழுத்து ரேடியோடெக்ஸ்டில் (கூடுதல் விவரம் காட்டும் வரி) நிச்சயம் இருக்கும்.

எதையும் கையால் அழிக்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் காலாவதித் தேதியாகக் கடைசி நாள் 23:59 என்று போடுங்கள், தானாக நின்றுவிடும். அழித்தால் லாகில் (எது எப்போது ஓடும் என்ற பட்டியல்) அந்த இடம் வெறுமையாகி, அமைப்பைப் பொறுத்து மௌனம் ஓடும். காலாவதியாகும் ஒவ்வொன்றுக்கும் மாற்றுக் கோப்பை அதே கால அளவில் முன்னமே ஏற்றி, தொடக்கத் தேதி கொடுத்து வையுங்கள்.

விளம்பரத்தில் ஒரு வகை தனிக் கவனம் கேட்கும். "நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்" என்று தொகுப்பாளர் சொந்தமாகப் பரிந்துரைக்கும் விளம்பரம். அந்த வாசகத்தைப் புதியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது பொய். அவர் அந்தப் பொருளை உண்மையில் பயன்படுத்திப் பார்க்கும் வரை பெயர் சொல்லாத பொதுக் குரல் விளம்பரமாக மாற்றுங்கள். விளம்பரதாரரிடம் இதை முதல் நாளே சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். தானே கேட்டுக் கண்டுபிடித்தால் ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பார்கள்.

பின்_கணக்கு:

முதல் வாரச் சறுக்கல் பற்றிக் கேட்டீர்கள். மாலையிலிருந்து வருபவருக்கு முதல் இடி நேரக் கணக்கு. மாலை நிகழ்ச்சியில் அரை நிமிடம் முன்பின் ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் மணிச் செய்தி நொடி பிசகாமல் வரும். எப்போதும் பின்னாலிருந்து எண்ணப் பழக்குங்கள். 8:00:00க்குச் செய்தி, அதற்கு முன் விளம்பரம் 2:30, நிலைய அடையாளம் 0:10, வானிலை 0:35. மொத்தம் 3:15. ஆக 7:56:45க்கு விருந்தினரை விடை கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும், அப்படியானால் 7:55:30க்கே "கடைசிக் கேள்வி" என்று சொல்லியாக வேண்டும். இந்த எண்களை ஒவ்வொரு மணிக்கும் எழுதி கன்சோல் மேல் ஒட்டுங்கள்.

குறைந்தது மூன்று முழு ஒத்திகை, 4 மணி நேரமும், வேறொரு ஸ்டூடியோவில். ஊழியர்களையே அழைப்பாளர்களாகப் பேச வையுங்கள். ஒருவர் நிறுத்தாமல் பேச வேண்டும், ஒருவர் பாதியில் துண்டிக்க வேண்டும், ஒருவர் வீட்டு ரேடியோவை அணைக்காமல் பேச வேண்டும். கடைசியில் சொன்னதுதான் உண்மையில் அதிகம் நடப்பது: 8 விநாடி கழித்துத் தன் குரலே திரும்பக் கேட்டு அழைப்பாளர் குழம்பி நின்றுவிடுவார். ரேடியோவை அணைக்கச் சொல்லாமல் எந்த அழைப்பையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பக் கூடாது.

மைக்கையும் பாருங்கள். பழையவர் குரலுக்கு அமைத்த ப்ரீசெட்டில் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) கீழ் அலைவரிசையைக் குறைத்திருப்பார்கள். புதியவர் குரல் மெல்லியதாக இருந்தால் இன்னும் மெலிந்து, தகரத்தில் பேசுவது போல இருக்கும். புதிதாகத் தொடங்குங்கள்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கம்ப்ரஷன் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) 3:1, ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் தொடுங்கள். வேறு பெயரில் சேமியுங்கள்.

இதைவிட முக்கியம், குரல் மாறும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். தயாரிப்பாளர், செய்தி வாசிப்பவர், 7.40 பேட்டி, 8.20 அழைப்பு நேரம், எல்லாம் அப்படியே இருக்கட்டும். 7.40 பேட்டி தொடங்கும்போது வீட்டை விட்டுக் கிளம்புபவர் இருக்கிறார். நிகழ்ச்சி அவருக்குக் கடிகாரம். ஆளும் மாறி, கடிகாரமும் மாறினால் அவர் தங்க ஒரு காரணமும் இல்லை. 3 மாதம் கழித்து ஒவ்வொரு பகுதியாக மாற்றலாம்.

காலை_ஷிப்ட்:

மூவருக்கும் நன்றி. ஒத்திகை யோசனை தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. நேயர் எண்ணிக்கையை எப்போது பார்த்து முடிவெடுப்பது? அவர் பெயரில் இருக்கும் பாட்காஸ்ட் பட்டியலை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

லாக்_எடிட்டர்:

மூடாதீர்கள். சந்தாதாரர்கள் ஒட்டியிருப்பது அந்த ஃபீட் முகவரியோடு, அதாவது செயலிகள் புதிய பகுதிகளை எடுக்கும் இணைய முகவரியோடு. தலைப்பையும் படத்தையும் மாற்றுங்கள், முகவரி அப்படியே இருக்கட்டும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து 301 திசைதிருப்பல் (நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் இணையக் குறியீடு) போட்டு, அதை நீண்ட நாள் எடுக்காமல் வையுங்கள். அதற்கு முன் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். சமூக வலைப் பக்கங்களுக்கும் இதே விதி. அவர் சொந்தப் பக்கத்தை நிலையம் கேட்கக் கூடாது. நிலையப் பக்கத்தின் கடவுச்சொல்லை அவர் கையில் விட்டு அனுப்பவும் கூடாது.

பின்_கணக்கு:

முதல் மாதக் கணக்கை நம்பாதீர்கள். புதியவர் எப்படி என்று பார்க்க வந்தவர்களும் அதில் இருப்பார்கள், கோபத்தில் போய்த் திரும்பி வரப்போகிறவர்கள் இருக்க மாட்டார்கள். அதன்பின் இரண்டு எண்ணைத் தனித்தனியே பாருங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் கேட்டார். ஆள் குறைந்திருந்தால் பழையவரோடு போய்விட்டார்கள் என்று பொருள், அது நிகழ்ச்சியை விளம்பரப்படுத்தும் வேலை. ஆள் அப்படியே இருந்து நேரம் மட்டும் குறைந்திருந்தால் வந்தவர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை, அது நிகழ்ச்சி வேலை. கால் மணி நேரத்தில் 5 நிமிடமாவது கேட்டவரைத்தான் அந்தக் கால் மணிக்குச் சேர்ப்பது பரவலான அளவீட்டு முறை. அதனால் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நீண்ட விளம்பர இடைவேளைக்கு முன், அடுத்து என்ன வரும் என்று சொல்லாமல் விட்ட இடமாக இருக்கும்.